எது ஆறு, எது ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே உங்கள் பத்திரிகையில் ‘செய்யாற்றில் வெள்ளம்’ என்று ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. செய்யாறு என்பது ஆற்றின் பெயர், எங்கள் மாவட்டத்தில் அந்த ஆற்றங்கரையில் இருக்கும் ஊரின் பெயரும் அதுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் சந்தோஷம், ஊருக்குள் புகுந்தால் அது வேறு கதை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் பதறிப்போய் போன் போடுகிறார்கள், உள்ளே படித்தால் நீர்வரத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி.

‘செய்யாறு ஆற்றில்’ என்று எழுதினால் கூறியது கூறல் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரைமீறி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று புகுந்ததே, அதை வெறும் ‘அடையாற்றில் வெள்ளம்’ என்று எழுதினால் சென்னைக்காரர் முதலில் அடையாறு பகுதியைத்தான் நினைப்பார். கூவமும் அப்படித்தான், திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. 2024 டிசம்பரில் மண்சரிவு நடந்தபோது ‘திருவண்ணாமலை மலையில்’ என்று எழுதினார்களே, அதுதான் சரி. ஏனென்றால் திருவண்ணாமலை என்றால் இன்றைக்கு நகரம், மாவட்டம், அப்புறம்தான் மலை.

அதற்காக எல்லா இடத்திலும் ஒட்டவைக்கவும் வேண்டாம். ‘பாலாறு நதி’ எதற்கு? வாணியம்பாடி, ஆம்பூர் செய்தியில் பாலாறு என்றால் யாரும் அதை ஊர் என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

இதைவிட மோசம், பொதுச்சொல்லே பெயராகிவிட்ட இடங்கள். சென்னை மின்சார ரயில் பாதையில் கடற்கரை, கோட்டை, பூங்கா என்று வரிசையாக மூன்று நிலையங்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பெயர் என்று காட்டிவிடுகிறார்கள், நம் எழுத்தில் அந்த வசதி இல்லை, அதனால் வாக்கியம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ‘கடற்கரைக்குச் சிறப்பு ரயில்’ என்று படித்துவிட்டு மெரினாவுக்குப் போக நினைக்கும் வெளியூர்க் குடும்பம் துறைமுகத்துக்கு எதிரே இறங்கி, பிள்ளைகளோடு ஆட்டோ தேடி நிற்கும். ‘கடற்கரை ரயில் நிலையம்’ என்று போடுவதற்கு இரண்டு சொல்தானே கூடுதல்? டெல்லி செங்கோட்டை என்று கவனமாக எழுதி, தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையோடு குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு இது தெரியாததல்ல.

தலைப்பில் இடம் போதாது என்பீர்கள். அப்படியானால் ‘கனமழை எதிரொலி’ மாதிரிச் சொற்களை எடுத்துவிட்டு ‘ஆறு’ என்ற ஒரு சொல்லுக்கு இடம் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் செய்திப் பிரிவில் இதைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஆரணி