மூட்டையின் முகத்தில் 8 சதவீதம், தைத்த சீட்டில் 2 சதவீதம்: தேங்காய்ப் புண்ணாக்குக் குதிரைத் தீவனம் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எண்ணெய்ச் சத்து குறைந்த புண்ணாக்கைப் பழைய மூட்டையிலேயே அடைத்து விற்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தேங்காய்ப் புண்ணாக்குக் குதிரைத் தீவனத்தை நெடுநாளாக வாங்கிவருகிறேன். இந்த விஷயமாகத் தொலைபேசியில் பேசிவிட்டேன், மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். மூட்டை வேண்டும் என்று கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறீர்கள். குறை சொல்லக் கூப்பிட்டால் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையைத்தான் சொல்வார்கள். குதிரைத் தீவனம் விற்பவருக்கும் அது பொருந்தும் என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன்.

சமீபத்தில் வந்த மூட்டைகளின் முகப்பில், பச்சைப் பட்டையில், வழக்கம்போல “எண்ணெய்ச் சத்து 8%” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலோடு சேர்த்து ஒரு சின்னச் சீட்டு தொங்குகிறது. அதில் “எண்ணெய் நீக்கிய தேங்காய்ப் புண்ணாக்கு, கச்சாக் கொழுப்பு 2%” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரே மூட்டையில் இரண்டு கணக்கு. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் உங்கள் ஊழியர், “அது பழைய அச்சு, பொருள் அதேதான்” என்கிறார். பொருள் அதே அல்ல.

பழைய மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு பிடியும் புது மூட்டையில் ஒரு பிடியும் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் பழுப்புக் காகிதத்தின் மேல் இரவு முழுக்க வைத்தேன். காலையில் தட்டிவிட்டுப் பார்த்தால், பழையது இருந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு எண்ணெய்க் கறை. புதியது இருந்த இடத்தில் வெறும் தூசு. வெந்நீரில் ஊறவைத்தபோதும் அப்படித்தான். பழையதைப் பிசைந்தால் விரலில் வழவழப்பு ஒட்டும், தேங்காய் வாசம் வரும். புதியது நறநறவென்று இருக்கிறது, வாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமானால் உங்கள் கிடங்கிலேயே செய்து பாருங்கள், ஒரு காகிதத்துக்கு மேல் செலவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தை முதலில் படிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கொப்பரையை எக்ஸ்பெல்லரில் போட்டுப் பிழிந்தால் புண்ணாக்கில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை எண்ணெய் தங்கும். அதன் பிறகும் ஹெக்ஸேன் போன்ற கரைப்பானை விட்டுக் கழுவி எடுத்தால் ஒன்று முதல் மூன்று சதவீதம்தான் மிஞ்சும். எடுத்த எண்ணெயைத் தனியாக விற்கலாம், சக்கையையும் விற்கலாம். வியாபாரம் என்ற அளவில் அதில் தப்பில்லை. எண்ணெய் நீக்கிய புண்ணாக்கும் கெட்ட தீவனம் இல்லை. நார்ச்சத்தும் புரதமும் அதில் இருக்கின்றன. ஏற்கெனவே கொழுத்துப்போன குதிரைக்கு அது இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும். எண்ணெய் உள்ள புண்ணாக்கின் பெயரில் விற்கக் கூடாது.

என் குதிரைக்கு இந்த எண்ணெய் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு முன்பு லாமினைடிஸ் வந்தது. குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து நிற்கும் திசு அழற்சி கண்டு, கால் ஊன்றவே முடியாமல் போகும் நோய். தானியத்தில் இருக்கும் மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால், சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி நொதித்து, கடைசியில் குளம்பைப் பதம் பார்க்கும். அதனால் கால்நடை மருத்துவர் தானியத்தை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். காய்ந்த புல் மட்டும் தின்று உடம்பு தேறும் ஜாதியும் இல்லை அவள். மாவுச்சத்து ஏறாமல் சக்தி மட்டும் ஏற வேண்டும் என்றால் கொழுப்புதான் வழி. ஒரே எடையில் மாவுச்சத்து தருவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான சக்தி அதில் உண்டு. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, ஆனால் கல்லீரல் பித்தநீரை இடைவிடாமல் குடலில் விட்டுக்கொண்டே இருப்பதால், மெல்ல மெல்லப் பழக்கினால் கொழுப்பை நன்றாகவே செரித்துக்கொள்ளும். எண்ணெய் உள்ள தேங்காய்ப் புண்ணாக்கில் மாவுச்சத்தும் மிகக் குறைவு. இப்படியெல்லாம் யோசித்துத்தான் உங்கள் தீவனத்துக்கு வந்தோம். அது வேலையும் செய்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவள் முதுகும் பின்புறமும் உருண்டு, மேனி கையை வைத்தால் வழுக்கும்படி இருந்தது.

இப்போது விலா எலும்புகளைத் தடவிப் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிகின்றன. முதுகுத் தண்டின் இரு பக்கமும் சரிந்து, நடுவில் வரப்புப் போல எலும்பு எழும்பி நிற்கிறது. வயிற்றுவாரை வழக்கமான துளையில் மாட்டினால் தொங்குகிறது. ரோமம் வறண்டு நுனி செம்பட்டை பாய்ந்துவிட்டது, எவ்வளவு தேய்த்துவிட்டாலும் பிரஷ்ஷில் தூசுதான் வருகிறது. 1983-இல் ஹென்னெக் வகுத்த உடல்நிலை அளவுகோல் உங்களுக்குப் புதிதல்ல, உங்கள் விளம்பரத் தாளிலேயே அந்தப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். எலும்பும் தோலுமான ஒன்று முதல் மிகக் கொழுத்த ஒன்பது வரை போகும் அந்தக் கணக்கில் 5-இல் இருந்தவளுக்கு மருத்துவர் இப்போது 3 போட்டிருக்கிறார். பல் பார்த்தாயிற்று, கூர் எதுவும் இல்லை. சாணத்தில் புழு முட்டை பார்த்தாயிற்று, அதிலும் ஒன்றும் இல்லை. புல் அதே புல், வேலை அதே வேலை. மாறியது உங்கள் மூட்டை ஒன்றுதான்.

இதையெல்லாம் சொன்னபோது உங்கள் ஆட்கள் தந்த பதில்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பொருளைவிட அவைதான் என்னை அதிகம் கோபப்படுத்தின.

“பருவம் மாறும்போது ரோமம் அப்படித்தான் இருக்கும்” என்றார் ஒருவர். பகல் நேரம் கூடுவதையும் குறைவதையும் பொறுத்துக் குதிரை ரோமத்தை உதிர்த்து மாற்றும் என்பது சரி. அதற்காக விலா எலும்பு எழும்பாது.

“அளவைக் கூட்டிப் போடுங்கள்” என்றார் இன்னொருவர். கணக்குப் போடுவோம். ஒரு கிலோவில் எட்டு சதவீதம் என்றால் 80 கிராம் கொழுப்பு, இரண்டு சதவீதம் என்றால் 20 கிராம். பழைய 80 கிராம் வேண்டுமென்றால் நான்கு கிலோ கொட்ட வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் சுமார் 0.6 சதவீதம். அப்படியானால் நான்கு கிலோவில் பாஸ்பரஸ் மட்டும் 24 கிராம். வேலை இல்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவதே 14 கிராம்தான், கால்சியம் 20 கிராம் வேண்டும். பாஸ்பரஸ் ஏறி, கால்சியம் எட்டாமல் போனால், ரத்தத்தில் அளவைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். மூக்கெலும்பு வீங்கி முகமே பெருத்துப்போகும் நோய் அப்படித்தான் வருகிறது. இந்த ஆலோசனையைத் தந்தவர் குதிரையை நினைத்துச் சொன்னாரா, மூட்டைக் கணக்கை நினைத்துச் சொன்னாரா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். அப்புறம், மேலே எண்ணெய் ஊற்றிக் கொடுங்கள் என்றும் ஒரு யோசனை வந்தது. நீங்கள் எடுத்த எண்ணெயை நான் மறுபடி காசு கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டுமாம்.

மூன்றாவது பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “மக்காச்சோளம் கொஞ்சம் கலந்துவிடுங்கள், உடனே தேறிவிடும்.” லாமினைடிஸ் வந்த குதிரை என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். எழுதி வைத்ததை வாசிப்பவர்களைத் தீவன ஆலோசனைக்கு உட்கார வைக்காதீர்கள். விவரம் தெரியாத ஒருவர் இதைக் கேட்டு நடந்தால் அவருடைய குதிரை படுத்துவிடும்.

விளம்பரத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. “ஒமேகா 3 நிறைந்தது, மேனிப் பளபளப்புக்கு” என்று போட்டிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. சீக்கிரம் காறிப்போகாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். ஒமேகா 3 அதில் இல்லை என்றே சொல்லலாம், அது ஆளிவிதையின் சமாச்சாரம். தேங்காய்ப் புண்ணாக்கால் மேனி மினுங்குவது உடம்புக்குத் தேவையான சக்தி கிடைப்பதால். எட்டு சதவீதம் இருந்தபோதே அந்த வரி பொய், இப்போது கேட்கவே வேண்டாம்.

நிறத்தையும் கவனித்தேன். முன்பு வெளிர் மரத்தூள் நிறத்தில் இருந்தது, இப்போது கருத்த பழுப்பு. தயாரிப்பில் சூடு மிஞ்சினால் புண்ணாக்கு கருக்கும், அதிலுள்ள லைசின் என்ற, வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலம் உடம்புக்கு எட்டாதபடி கட்டுண்டு போகும். தேங்காய்ப் புரதத்தில் லைசின் முதலிலிருந்தே குறைவு. என் குதிரை வளர்ந்தவள், சமாளித்துக்கொள்வாள். பால் மறந்த குட்டிக்கு இதைப் போடுகிறவர்கள் உங்களிடம் வாங்குகிறார்களே, அவர்களுக்கு யார் சொல்வது?

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தத் தொகுதி எண்ணிலிருந்து தயாரிப்பு முறை மாறியது என்று எழுத்தில் தாருங்கள். என்னிடம் பிரிக்காமல் இருக்கும் மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவற்றுக்கும் பிரித்துப் போட்டவற்றுக்கும் பணத்தைத் திருப்புங்கள். எண்ணெய் பிழிந்த பழைய வகை உங்களிடம் இன்னும் இருந்தால் பணத்துக்குப் பதில் அதைத் தந்தாலும் சரி, ஆனால் கொழுப்பு, புரதம், ஈரப்பதம், அஃப்லாடாக்ஸின் நான்கும் போட்ட ஆய்வறிக்கையோடு வர வேண்டும். ஈரம் மிஞ்சிய கொப்பரையில் பூஞ்சை பிடித்து அந்த நஞ்சு உருவாகும், குதிரையின் கல்லீரலை அது கெடுக்கும். எல்லா மூட்டைக்கும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனைதான் அது. இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். மூட்டை முகப்பில் உள்ள 8-ஐ அழியுங்கள், அல்லது உள்ளே 8-ஐ வையுங்கள்.

தொகுதி எண் தெரியும்படி எடுத்த சீட்டின் படம், முகப்பின் படம், காகிதக் கறையின் படம், மருத்துவரின் குறிப்பு, ரசீதுகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். பிரிக்காத மூட்டை ஒன்றையும் ஆய்வுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த மூட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கையோடு நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையத்துக்குப் போவேன். தயவுசெய்து மறுபடி தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்