நாகை ஸ்டேஷனுக்கு ஒரு பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாட்டு ரயிலின் கதை என்று அண்மையில் உங்கள் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியதில் தொடங்கி, 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதுப் பாலம் வரை எழுதியிருந்தார்கள். நல்ல கட்டுரை. கடையில் வேலை ஓய்ந்த மதிய நேரத்தில் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தது ஒரு பெயரைத் தேடி. நாகப்பட்டினம் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நான் நாகை ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவன். 1955-இல் என் அப்பா போட்ட கடை. எனக்கு வயது 68. பத்து வயதில் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் போக ஆரம்பித்தேன். வண்டிகளின் சத்தத்திலேயே நேரம் பார்த்துப் பழகிவிட்டேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வண்டி என்ற பெருமை ராயபுரத்துக்குத்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் வேலை. தமிழ்நாட்டின் தென்பாதிக்கு ரயிலைக் கொண்டுவந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற வேறொரு கம்பெனி. அந்தக் கம்பெனி தண்டவாளம் போடத் தொடங்கிய இடம் நாகப்பட்டினம். 1861-இல் தஞ்சாவூர் வரைக்கும், 1862-இல் திருச்சி வரைக்கும் வண்டி போய்விட்டது. ஏறக்குறைய 125 கிலோமீட்டர். அப்புறம் அதே பாதை கரூரைத் தாண்டி, 1868-இல் ஈரோட்டில் மெட்ராஸ் கம்பெனியின் பாதையோடு போய்ச் சேர்ந்தது. 1870-களில் திருச்சிக்கு மாறும் வரை கம்பெனிக்குத் தலைமையிடமும் இந்த ஊர்தான். 1874-இல் கர்நாடிக் ரயில்வேயும் இதுவும் சேர்ந்துதான் சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. பெரியவர்கள் எஸ்.ஐ.ஆர். என்பார்களே, அது. அதன் வழியில்தான் 1951-இல் தெற்கு ரயில்வே வந்தது.

ஏன் நாகையில் ஆரம்பித்தார்கள் என்று யோசித்தால் விஷயம் எளிது. துறைமுகம் இங்கே, நெல் தஞ்சையில். இரண்டையும் சேர்க்கக் கம்பெனிக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. எங்கிருந்தோ கிளம்பிக் கடைசியில் கடலைத் தொட்ட பாதை இல்லை இது. கடற்கரையில் கிளம்பி உள்நாட்டுக்குள் போனது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையைப் பெயர்த்து அகலப் பாதை போட்டபோது, நாகைக்கு முதல் தடவையாகப் பெரிய லைன் வருகிறது என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குத் தினமும் வரும் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர்தான் சொன்னார்: ‘‘வரல தம்பி, திரும்பி வருது.’’ 1861-இல் இங்கே போட்டதே ஐந்தரை அடி அகலப் பாதைதானாம். 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், செலவு குறையும் என்று மீட்டர் அளவுப் பாதைக்கு முடிவெடுத்தார்கள். அதையொட்டி 1875-இல் எங்கள் பாதையைப் பிடுங்கிக் குறுக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேலே குறுகலாகக் கிடந்துவிட்டுத்தான் மறுபடி பழைய அகலத்துக்கு வந்திருக்கிறது. இதைக் கடையில் யாரிடம் சொன்னாலும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை கொஞ்சம். எஸ்.ஐ.ஆர். கம்பெனியின் ஒர்க்‌ஷாப் நாகையில் இருந்தது. என் தாத்தா அதில் ஃபிட்டர். 1920-களில் நாகப்பட்டினம், போத்தனூர் ஒர்க்‌ஷாப்புகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்ற ஏற்பாடு நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் குறைக்கப் போகிறார்கள் என்றதும், 1928-இல் எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்குத் தலைமை தாங்கிச் சிறைக்குப் போனார்கள். சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஊர்க் குப்பங்களில் அவர் பெயருக்குத் தனி மரியாதை உண்டு என்று அப்பா சொல்வார். கடைசியில் ஒர்க்‌ஷாப் போயே போய்விட்டது. அதோடு நூற்றுக்கணக்கான குடும்பங்களும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. தாத்தாவும் போனார். சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ‘‘பொன்மலையில காத்து இருக்கு, உப்புக்காத்து இல்லையே’’ என்பது ஆத்தா கடைசி வரை சொன்ன காரணம்.

தாத்தா ஒர்க்‌ஷாப்பில் குத்தியிருந்த பித்தளை வில்லை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அரை உள்ளங்கை அகலம். மேலே ஒரு துளை. நடுவில் இருக்கும் எண்ணில் கடைசி இலக்கம் தேய்ந்துபோய் மூன்றா எட்டா என்று தெரியாது. விரலால் தடவினால் மூன்று மாதிரி இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எட்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்ப்பது ஆத்தா வேலை, அப்புறம் அம்மா வேலை, இப்போது என் மனைவியின் வேலை. சந்தனம், குங்குமம் வைத்துக் கடையின் பாய்லர் பக்கத்தில் வைப்போம். இத்தனை வருஷம் புளி போட்டதில்தான் அந்த எண் தேய்ந்ததோ என்னவோ.

கப்பல் நாட்களைச் சொல்லாமல் இந்த ஸ்டேஷனைப் பற்றி எழுத முடியாது. ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகை வந்து, பினாங்கு, சிங்கப்பூர் போகும். 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அது வருகிற நாளுக்கு முதல் நாளே தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் ரயிலில் வந்து குவிந்துவிடுவார்கள். பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டி. கப்பல் கரைக்கு வராது, தள்ளிக் கடலில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். போகிறவர்கள் டீ குடிக்க மாட்டார்கள், வழியனுப்ப வந்தவர்கள்தான் குடிப்பார்கள். அதுவும் திரும்பிப் போகும்போது, வண்டிக்குக் காத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல். கடல் கடந்து சம்பாதித்துவிட்டு வருகிறவர்களைச் சபுராளிகள் என்போம், அவர்கள் நேர்மாறு. படகை விட்டு இறங்கியதும் ஊர் டீ கேட்பார்கள், கூட நிற்கிறவர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார்கள். நாகூர்க்காரர் ஒருவர் டீயைக் குடித்துவிட்டுத் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து எனக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகிறாயா என்று மட்டும் கேட்டார். அந்தப் பேனாவில்தான் ஐந்தாம் வகுப்பு எழுதினேன்.

சரி, இன்றைய ஸ்டேஷனுக்கு வருகிறேன். 2010-இல் வேளாங்கண்ணிக்குப் பத்து கிலோமீட்டர் புதுப் பாதை வந்தது. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு வண்டி ஓடத் தொடங்கியது. எர்ணாகுளம் வண்டி, மும்பையிலிருந்து வாரம் ஒரு வண்டி, கோவாவின் வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒன்று, கொல்லம், செங்கோட்டை வழியாக எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இன்னொன்று என்று தூரத்து வண்டிகள் வருகின்றன. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. காவி உடுத்தி நடந்து வந்தவர்கள் கால் வீங்கிப்போய்த் திரும்பும்போது ரயிலைத்தான் தேடுவார்கள். நாகூர் கந்தூரியின்போது சந்தனக்கூடு நாகையிலிருந்துதான் கிளம்பும், அன்று இரவும் அப்படித்தான். பக்கத்திலேயே சிக்கல் முருகன். மூன்று மதத்துக்காரர்களும் இறங்கி ஏறும் ஸ்டேஷன் இது, எல்லோருக்கும் ஒரே பாய்லர்தான் என் கடையில்.

ஆனால் இந்த ஸ்டேஷனை வருஷம் முழுக்கத் தாங்குவது திருவிழாக் கூட்டம் இல்லை. பாசஞ்சர் வண்டியில் போகும் மீன்காரப் பெண்கள். விடியற்காலையில் அக்கரைப்பேட்டையிலிருந்து அன்னக்கூடையில் மீனும் ஐஸும் போட்டு, மேலே சாக்கை நனைத்து மூடிக்கொண்டு வருவார்கள். கூடையைத் தலையிலிருந்து இறக்கக் கை கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். தலையில் சும்மாடு வைத்த இடத்திலிருந்து ஐஸ் தண்ணீர் காதோரம் வழிந்துகொண்டிருக்கும், அதைத் துடைக்காமலே டீயை வாங்குவார்கள். கீழ்வேளூர், திருவாரூர் என்று இறங்கித் தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புவார்கள். கொரோனாவில் பாசஞ்சர் நின்றதும் முதலில் அடி வாங்கியது இவர்கள்தான். மறுபடி வண்டி விட்டபோது குறைந்த கட்டணம் 10 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10-க்கு வந்தது. நமக்கு 20 ரூபாய் வித்தியாசம். அவர்களுக்குப் போக வர 40 ரூபாய், ஒரு நாள் லாபத்தில் அது எவ்வளவு என்று கூடை சுமக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் இந்தச் சாதாரண வண்டிகளை மறுபடி நிறுத்திவிடக் கூடாது, கட்டணத்தை ஏற்றிவிடவும் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள் ஐயா.

வேளாங்கண்ணியிலிருந்து திருக்குவளை வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போக வேண்டிய பாதையும் இன்னும் முடிந்தபாடில்லை. அது முடிந்தால் நாகையிலிருந்து திருவாரூரைச் சுற்றாமல் நேராகப் பட்டுக்கோட்டை, காரைக்குடி போகலாம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை அகலப் பாதையாகத் திறந்துவிட்டதால் வேதாரண்யமும் கைக்கு எட்டும். உப்பு, மீன், பூ என்று எத்தனை சரக்கு அந்தக் கரையில் இருக்கிறது!

கப்பலும் திரும்பி வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். அதற்குப் போகும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பெட்டியோடு கடைக்கு வருகிறார்கள், துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். கடுவையாற்றுப் பக்கம் கை காட்டி அனுப்புகிறேன். கப்பல் நேரத்தை ஸ்டேஷனிலேயே எழுதிப் போட்டு, வண்டிக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு சிறு பேருந்து விட்டால் போதும். 1960-களில் இந்த ஊர் அதை வழக்கமான வேலையாகச் செய்தது.

நான் முதலில் கேட்க வந்தது வேறு. நாகை ஸ்டேஷனில் இறங்குகிற எவர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய பலகை வேண்டும். தென்தமிழ்நாட்டின் ரயில் பாதை 1861-இல் இங்கிருந்து தொடங்கியது, முதலில் அகலம், பிறகு குறுகல், மறுபடி அகலம், இங்கே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது, 1928-இல் ஒரு போராட்டம் நடந்தது என்று நல்ல தமிழில் பத்து வரி போதும். முடிந்தால் ஒரு சின்ன அறை. பழைய விளக்கு, டிக்கெட், படம் என்று இந்த ஊரில் யார் யார் வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கிறதோ, கேட்டால் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரயில்வே குடும்பங்கள் பொன்மலையிலும் இருக்கின்றன, அவர்களையும் கேட்கலாம். போன மாதம் என் பேத்தியின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். டீச்சர் கடைக்கு வந்து, ‘‘ஐயா, இந்த ஸ்டேஷனுக்கு என்ன வயசு?’’ என்று கேட்டார். நான் சொன்னதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். டீக்கடைக்காரன் சொல்லித்தானா அவர்களுக்கு இது தெரிய வேண்டும்?

அப்படி ஒரு அறை வந்தால் தாத்தாவின் வில்லையைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு மட்டும் ஒரு நாள் திருப்பித் தர வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள்.

இப்படிக்கு,
ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரன்,
நாகப்பட்டினம்.