படகுகள் திரும்பிய பிறகு வந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் குறித்து ஆண்டுதோறும் வெளியாகும் செய்திகளில் படகுகள், மோட்டார் பம்புகள், நிவாரண முகாம்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. வெள்ளம் வடிந்த பின் சேறு படிந்த வீடுகளை மறுபடியும் குடியிருக்கத்தக்கவையாக மாற்றும் வேலையை யார் செய்வது என்பது பற்றி அவற்றில் ஒரு வரியும் இருப்பதில்லை. 2015-இல் எங்கள் பகுதியில் அந்த வேலையைச் செய்தவர்களை அருகிலிருந்து பார்த்தவன், சில நாட்கள் அவர்களோடு சேர்ந்து உழைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு அருகே குடியிருக்கிறேன். அந்த டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்ததும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் இரண்டு இரவுகளை மொட்டை மாடியில் கழித்துவிட்டுக் கீழே இறங்கியபோது, ஆற்று வண்டலும் சாக்கடையும் கலந்த சேறு கூடத்தில் கணுக்காலுக்கு மேல் நின்றது. பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்து, நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனத்தில் கிடந்தது.

அதற்கு மறுநாள், மண்வெட்டியும் வாளியும் தென்னந்துடைப்பமுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். அருகிலுள்ள கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஆலய சமூகத்தைச் சேர்ந்தவர்கள்: ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் பெரியவர்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கூட்டங்களுக்குப் போகும் இல்லத்தரசிகள் சிலர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலய சேகரம் ஒன்றிலிருந்தும் ஒரு குழு வந்து சேர்ந்தது. தெருமுனையில் நின்று அவர்கள் கேட்ட முதல் கேள்வி, படுக்கையில் கிடப்பவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்பதுதான். வேலையை அந்த வீடுகளிலிருந்தே தொடங்கினார்கள்; என் வீட்டின் முறை மூன்றாம் நாள்தான் வந்தது.

சேற்றை வாரி வெளியே கொட்டுவது அந்த வேலையில் ஒரு பகுதி மட்டுமே. தரைத்தொட்டியில் புகுந்த கழிவுநீரை இறைத்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை நிரப்பி வைத்து, மறுபடி இறைக்க வேண்டும். ஊறிப்போன சுவிட்சு போர்டில் மின்சாரம் வந்தவுடன் மெயினைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. உயிர் போவதற்கு அது ஒன்றே போதும். போர்டைக் கழற்றிக் காய வைத்து, மின்கசிவைக் கண்டறியும் மெக்கர் கருவியால் வயரிங்கைச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் பங்கு. அவர்களில் இருவர் ஐ.டி.ஐ. படித்தவர்கள் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருவேறி இறுகிப்போன இரும்புப் பீரோக்களைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தால், உள்ளே மதிப்பெண் பட்டியல், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் கூழாகிக் கிடக்கும். லேமினேட் செய்தவை தப்பியிருக்கும் என்று நினைத்தோம். ஓரத்தில் நீர் புகுந்த பிறகு உலர வழியில்லாமல் அவைதான் அதிகம் கெட்டிருந்தன. ஆலயத்தின் மாடி மண்டபத்தில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, பழைய செய்தித்தாள்களின் மேல் ஒவ்வொரு தாளையும் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார்கள். தொலைந்த ஆவணங்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, வரிசையில் அவர்களோடு நின்றவர்களும் இவர்களே. அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணத்தைவிட அந்தத் தாள்கள் எங்களில் பலருக்குப் பெரியவை.

உதவிக்கு வந்த எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பிரெட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, படம் எடுக்கும் வரை பிடித்துக்கொள்ளச் சொன்னவர்களும் வந்து போனார்கள். யாரும் உடுத்த முடியாத பழந்துணிகள் தெருவோரம் குவிந்து, அவற்றை அகற்றும் வேலை துப்புரவுப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட அந்தப் பணியாளர்களில் பலர் கையுறையின்றி வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆலயத் தொண்டர்களைப் பாராட்டும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

தேவாலயத்திலிருந்து வருபவர்கள் உதவியோடு மதத்தையும் கொண்டுவருவார்களோ என்ற ஐயம் எங்கள் தெருவிலும் சிலருக்கு இருந்தது. நான் நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவன். என்னிடம் யாரும் ஒரு துண்டுப் பிரசுரம்கூட நீட்டவில்லை. ஆனால், அது அந்தப் பங்குத்தந்தையின் பக்குவமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள், உதவியைச் சமய நோக்கத்துக்கோ அரசியல் நோக்கத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அவற்றை உருவாக்கிய கலந்தாலோசனையில் காரித்தாஸ், உலகத் திருச்சபைகள் மன்றம் போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் பங்கேற்றன. அந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

சென்னை மாநகராட்சியிடம் எனக்குள்ள கோரிக்கை சிறியது. 200 வார்டுகளிலும், மழை தொடங்கும் முன் செப்டம்பரிலேயே, அந்தந்தப் பகுதித் தேவாலயங்கள், மசூதிகள், கோயில்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆகியவற்றின் தொண்டர்களை அழைத்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். யாரிடம் பம்பு இருக்கிறது, யார் எலக்ட்ரீஷியன், எந்த மண்டபத்துக்கு மாடி உண்டு, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பவை அதில் இருந்தால் போதும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செயல்பட ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைந்தது. அது பேரிடர் வந்த பிறகு உருவானது, நாம் முன்கூட்டியே செய்துகொள்ளலாம். சேற்றில் இறங்குபவர்களுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையுறை, எலிக்காய்ச்சலுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பு மாத்திரை ஆகியவற்றையும் மாநகராட்சி தர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளியதைப் பார்த்தோம். அத்தகைய வேலைக்குப் பயிற்சியில்லாத தொண்டர்களை எக்காரணத்தாலும் அனுப்பக் கூடாது. அது அரசும் அந்தத் தொழில் தெரிந்த நிறுவனங்களும் செய்ய வேண்டியது.

எங்கள் வார்டில் அப்படியொரு பட்டியல் எழுதத் தொடங்கினால், மின்வேலைப் பகுதியில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏணி ஏற இப்போது முடியாது. மெக்கர் கருவி என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்,
சைதாப்பேட்டை, சென்னை - 15