பழைய சதை பிளாக்கைத் தேடிக் கொடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும், மேற்கு மாம்பலத்திலிருந்து வணக்கம். யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்கே புரியும்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து எனக்குக் கழுத்தில், தைராய்டு சுரப்பி இருக்கும் இடத்தில், வீக்கம். பூக்கட்டிக்கொண்டே பேசுகையில் அதை முதலில் பார்த்தது கீழ்வீட்டு அக்காதான். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. தைராய்டுதானே, ஆபரேஷன் பண்ணி, தைராய்டு செல்லை அழிக்கும் கதிரியக்க அயோடின் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே லேபில் ஸ்லைடு பார்த்த டாக்டரை நான் நேரில் கண்டதே இல்லை. அவர்தான், "மார்பில் எடுத்த பழைய பிளாக் கிடைக்குமா?" என்று கேட்டு அனுப்பினார். அப்போது வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களே, அது. முன்பு ஆபரேஷன் நடந்த இடத்தின் ரெக்கார்டு ரூமில் இருந்த தம்பி, சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு, தூசி படிந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி நம்பர் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் சாயம் போட்டு ஒப்பிட்டார்கள். தைராய்டு செல்லில் இருக்க வேண்டிய தைரோகுளோபுலின் என்ற புரதம் கழுத்துக் கட்டியில் இல்லை. மார்புக் கட்டியில் இருந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம், அதிலும் இருந்தது. மார்பிலிருந்து பரவியதுதான். தைராய்டுக்கு இப்படிப் பரவுவது அபூர்வமாம். மார்பகத்துச் செல் தைராய்டு போல அயோடினை இழுத்துக்கொள்ளாது, அதைக் குடித்திருந்தால் எனக்கு ஒரு பலனும் இருந்திருக்காது. தைராய்டு வேலை செய்வதைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தத்தில் சரியாக இருந்ததே என்று கேட்டேன். சுரப்பி ஒழுங்காக வேலை செய்யும்போதே உள்ளே கட்டி இருக்கலாம் என்று ஓபி டாக்டர் பொறுமையாக விளக்கினார். இப்போது தினம் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை; கூடவே புற்றுநோய்ச் செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். முழுக்கப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை, அடங்கியிருக்கும் என்கிறார்கள். சரி, அதுவே பெரிசு.

காலண்டரில் மாத்திரை நாளைச் சுழித்து வைக்கும் நாத்தனாருக்கும், ஸ்கேன் நாளில் வெயிட்டிங் வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. முகம் தெரியாத லேப் டாக்டரே, உங்களுக்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரெக்கார்டு ரூம் தம்பி, நீங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிளாக்கை லேபில் திருப்பித் தந்ததும் நானே கொண்டுவருகிறேன்.