இரவல் எழுத்து என்றீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இளையர் பக்கத்தில் ரசிகர் புனைவு (பிறர் கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) பற்றி வந்த கட்டுரையில், "சொந்தக் கற்பனை இல்லாதவர்களின் இரவல் எழுத்து" என்று ஒரு வரி. பக்கத்திலேயே கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் படம் வேறு. ரசிகர் என்றாலே தங்களுக்குப் பால் பாக்கெட்தான் ஞாபகம் வரும்போல!

இது இணையத் தலைமுறையின் புது வியாதி என்றும் கட்டுரை சொல்கிறது. 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 1967-லேயே இதற்கென்று சிற்றிதழ் போட்டுச் சுற்றுக்கு விட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. ரசிகர் புனைவுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் இணையத்தளம் 2019-ல், அறிபுனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியதும் தெரிந்திருக்கும். அங்கே கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, நடத்துபவர்கள் தொண்டூழியர்கள். கட்டுரையில் "காசு பார்க்கும் குறுக்குவழி" எங்கிருந்து வந்ததோ!

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' நந்தினியைப் பொங்கோல் வீவக அடுக்குமாடி வீட்டில் குடிவைத்து ஓர் 'ஏயு' (பாத்திரங்களை வேறொரு உலகில் வைத்துப் பார்க்கும் கதை) எழுதுகிறாள். கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லாமல் விட்டாரே, அங்கிருந்துதான் தொடக்கம். இவள் எழுதியதைப் படித்துப் பீட்டா பார்க்கும் மதுரைப் பெண், "கேனான்படி (மூலக்கதைப்படி) குந்தவைக்கு இது இன்னும் தெரியாதே, எப்படிப் பேசுவாள்?" என்று ஓரத்தில் குறித்து அனுப்பினால், இவள் ஐந்து பாகத்தையும் மறுபடி புரட்டுகிறாள். தேர்வுக்குக்கூட அப்படிப் புரட்டி நான் பார்த்ததில்லை. நந்தினியை யாரோடு 'ஷிப்' செய்வது, அதாவது காதல் ஜோடி சேர்ப்பது என்று சாப்பாட்டு மேசையில் அக்காவோடு சண்டை, அதுவும் தமிழில்!

தங்கள் பெட்டிச் செய்தியோ, பீட்டா என்றால் "அரைகுறையாக வெளியிடும் கதை" என்கிறது. வெளியிடுவதற்கு முன்பு படித்துப் பிழை சொல்பவர்தான் பீட்டா, ஐயா. அப்படி ஒருவர் தங்கள் அலுவலகத்திலும் இருந்தால் நல்லது.

போன ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டியில், "பாத்திரங்கள் சொந்தமில்லை" என்று இவள் கதையைத் தள்ளிவிட்டார்கள். அதே மேடையில் அகலிகையை மறுபடி எழுதிய பெரியவருக்குக் கேடயம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால், "பிள்ளைகள் தமிழில் எழுதுவதில்லை" என்று வருந்துவதும் இவர்களே. அப்போதே தங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலும், வரவில்லை. ராசிபலனுக்கு மட்டும் என்றைக்கும் இடம் இருக்கிறது.

அதையெல்லாம் இனிக் கிளறி என்ன ஆகப்போகிறது? பீட்டாவுக்கான விளக்கத்தை மட்டும் இரண்டு வரியில் திருத்திப் போடுங்கள், போதும். மகளும் தோழிகளும் அந்தப் பெட்டிச் செய்தியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்கிறார்கள். நெடுநாள் சந்தாதாரரான எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்