கரும்பாலையில் தொடங்கிய படிப்பு: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

பாலக்கோட்டுப் பக்கத்து எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும் வணக்கம்.

38 ஆண்டுகள் திரவ சோடியத்தோடு வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். ஊரில் பலருக்கும் நான் 'அணுமின் வேலையில் இருக்கிறவன்'. அந்த வேலைக்கு என்னை அனுப்பியவர்கள் யாரென்று எழுதாமல் மனசு ஆறவில்லை.

முதலில், கரும்பாலையில் கொப்பரை பார்த்த பெரியப்பா. பாகை ஒரு துளி தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் சொல்வார். ஆறும்போது பாகு மணல் மணலாகக் கட்டுவதை அங்கே உட்கார்ந்து பார்த்தவன் நான். எரியும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலைதான் வேக ஈனுலை. அதில் வெப்பத்தை ஏந்திச் செல்வது உருகிய சோடியம் என்ற உலோகம். சோடியத்தில் ஆக்சிஜன் கூடினால் அது எஃகுக் குழாயை அரிக்கும். ஆகவே கொஞ்சம் சோடியத்தைப் பிரித்தெடுத்துக் குளிரவைப்போம். கரைந்திருந்த ஆக்சைடு பிரிந்து கம்பிவலையில் படியும். அதன் முன் நின்றபோதெல்லாம் பெரியப்பாதான் நினைவுக்கு வருவார்.

1985 அக்டோபர் 18 அன்று கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை தொடர்வினையை, அதாவது அணுப்பிளவு தானாகவே தொடரும் நிலையை, முதன்முதலாக எட்டியது. எங்கள் பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, சாதாரண உலையில் வீணாகும் யுரேனியத்தையும் எரிபொருளாக்கலாம் என்று பலகையில் வரைந்து காட்டினார். என் வழி அன்றே முடிவானது.

பிறகு, பயிற்சிக் காலத்தில் கிடைத்த மூத்த டெக்னீஷியன். சோடியம் 98 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஓர் இரவு ஹீட்டர் ஒன்று நின்றதை நான் கவனிக்கவில்லை, குழாய்க்குள் இறுகிவிட்டது. பதறிப்போய் நடுக்குழாயைச் சூடேற்றப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, உருகும்போது அது பெருக்கும். போக இடமில்லேன்னா குழாயைப் பொளந்துடும். காலி முனையிலிருந்து வா." விடியும்வரை அடி அடியாக உருக்கினோம். காலையில் மேலதிகாரியிடம் என் தவறை அவர் மறைக்கவில்லை. இரவெல்லாம் நான் நகராமல் நின்றதையும் சேர்த்துச் சொன்னார். அந்த நேர்மையைத்தான் என் கீழ் வந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப் பார்த்தேன்.

இரவுப் பணி நாட்களில் வீட்டைத் தனியாகத் தாங்கிய மனைவிக்கு எந்தச் சொல்லும் போதாது.

கடைசியாக, வெல்ல மண்டி ஐயா. வரப்போகும் வெல்லத்துக்கு முன்பணம் என்று எழுதிக்கொண்டு விடுதிக் கட்டணம் கொடுத்தார். அந்த வருஷம் மழை பொய்த்தது, வெல்லம் போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அவர் பிள்ளைகளிடம் பழைய கணக்கு நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.