வில் வண்டியும் இரண்டு ஆல்பீன்களும்

கிரெனோபிள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மகளுக்கு நாந்த் நகரில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் வாழ்த்தை அவளிடம் சொல். தங்கைக்கு முதுகுவலி இன்னும் முழுவதுமாகத் தீரவில்லை என்று எழுதியிருந்தது மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி, இரண்டு ஆல்பீன் கார்களில் எதை வாங்குவது என்ற உன் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பேசுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நாங்கள் இங்கே நலம். பனி விலகி சார்த்ரூஸ் மலைப்பாதைகள் திறந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் ஆல்பீன் ஏ110 காரும் மறுபடியும் மலையேறத் தொடங்கிவிட்டோம்.

இத்தனை ஆண்டுகள் குடும்பத்துக்காகவே உழைத்துவிட்டு இப்போது உனக்கென்று ஒரு ஆல்பீன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறாய் என்பதைப் படித்தபோது, நான் என் வண்டியை வாங்கிய நாளைவிட அதிகமாக மகிழ்ந்தேன். உனக்கு வந்திருக்கும் இரண்டு பழைய வண்டிகளுமே 2022-ஆம் ஆண்டு ஏ110. ஒன்று ஜிடி, மற்றது எஸ். இரண்டிலும் அதே 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், அதே 300 குதிரைத்திறன். ஆகவே நீ இருக்கைத் தோலையும் நிறத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், உன் முன் இருப்பது சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு, பற்றிய கேள்வி ஒன்றுதான். 2019-இல் எஸ் வந்தபோது அதன் ஸ்பிரிங்குகளைச் சாதாரண ஏ110-இல் உள்ளவற்றைவிட 50 விழுக்காடு கடினமாக்கினார்கள். வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பார்களின் விறைப்பை இரு மடங்காக்கினார்கள். வண்டியை 4 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். முன் டயரை 215 மில்லிமீட்டருக்கும் பின் டயரை 245 மில்லிமீட்டருக்கும் அகலப்படுத்தினார்கள். ஜிடி பழைய மென்மையான அமைப்போடும், 205, 235 டயர்களோடும் வருகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை ஒரு பொத்தானை அழுத்தி மாற்றும் வசதி இரண்டிலும் இல்லை என்பதால், இன்று எதைத் தேர்ந்தெடுக்கிறாயோ அதோடுதான் நீ வாழ வேண்டும்.

'ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும்?' என்று கேட்டிருந்தாய். இதைப் படித்ததும் பாகூரில் உன் தாத்தா வைத்திருந்த வில் வண்டி நினைவுக்கு வந்தது. நெல் மூட்டை ஏற்றும் கட்டை வண்டியும் அந்த வில் வண்டியும் ஏரிக்கரைப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது, கட்டை வண்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி, ஒரு கணம் மண்ணைத் தொடாமல் நின்று, பிறகு 'தடக்' என்று விழும். வில் வண்டியின் சக்கரமோ கல்லின் மேல் ஏறி இறங்கி மண்ணை விடாமலே ஓடும். வில், அதாவது ஸ்பிரிங், உள்ளே இருப்பவரின் சுகத்துக்காக வைத்தது என்றுதான் அன்று நினைத்தோம். அதைவிடப் பெரிய வேலை, சக்கரத்தைத் தரையோடு சேர்த்து வைப்பது. சாலையைத் தொடாத டயரால் திருப்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது.

வளைவில் வண்டி சாய்வதைக் கண்டு பலரும் பிடிப்பு குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உள் டயரிலிருந்து வெளி டயருக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம் ஆகியவைதாம் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. கடினமான ஸ்பிரிங் போட்டால் உடல் சாய்வது குறையும், ஆனால் மாறுகிற பாரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சாயும்போது டயர் தரையில் தட்டையாகப் பதியாமல் போவதுதான் உண்மையான கேடு. ஆல்பீனில் முன்னும் பின்னும், ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருப்பதால், உடல் சாய்ந்தாலும் சக்கரம் அதிகம் சாய்வதில்லை. ஆகவே மென்மையான ஸ்பிரிங்கை வைக்க அவர்களுக்குத் துணிவு வந்தது. வண்டி அலுமினியத்தால் ஆனது, எடையும் சுமார் 1,100 கிலோதான். எடை குறைவாக இருந்தால் அதைத் தாங்கக் கடினமான ஸ்பிரிங் வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு: ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிவிட்டால் முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் சாதாரண வண்டிகளில் ரப்பரால் ஆனது, அது அமுங்கிய வேகத்தில் எகிறும், ஆல்பீனில் அங்கே எண்ணெய் கொண்டு இயங்கும் அமைப்பு இருக்கிறது, அது அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி திருப்பித் தூக்கிப் போடுவதில்லை.

இப்படிச் செய்தவர்கள் இவர்கள் மட்டும் அல்லர். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் காரும் மென்மையான ஸ்பிரிங்கையும் நன்றாகக் கட்டுப்படுத்தும் டேம்பரையும் வைத்துத்தான் பெயர் பெற்றது. பழைய ஆல்பீன் ஏ110-உம் கரடுமுரடான மலைப்பாதைகளில்தான் புகழ் சேர்த்தது. 1973 மோன்டே கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களும் அதற்கே கிடைத்தன. ஆல்பீன் நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ரெதெலே தம் வண்டிக்கு ஆல்ப்ஸ் மலையின் பெயரை வைத்ததற்கு ஏற்ற வெற்றி அது.

கடினமான ஸ்பிரிங்கால் நான் பட்ட பாட்டை உனக்கு இதுவரை எழுதியதில்லை. இதற்கு முன் வைத்திருந்த சிறிய காரில், ஒரு பட்டறைக்காரரின் பேச்சைக் கேட்டு, பழைய டேம்பர்களை அப்படியே விட்டுவிட்டு, உயரம் குறைந்த கடினமான ஸ்பிரிங்குகளை மட்டும் மாட்டினேன். வண்டி பார்க்க அழகாக இருந்தது, நகரத்துக்குள் கூர்மையாகத் திரும்பியது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஓர் இலையுதிர்கால மாலையில் கோல் த போர்த் கணவாயிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். லெ சப்பே கிராமத்துக்கு மேலே, உறைபனியால் வெடித்துச் சுருக்கம் சுருக்கமாக எழும்பியிருந்த தார்ச்சாலையில், வலப்பக்க வளைவுக்குள் பிரேக்கை மிதித்துக்கொண்டே நுழைந்தேன். பின்சக்கரங்கள் தரையை விட்டு மூன்று நான்கு முறை துள்ளின. கால் மிதியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி நேராகப் போகப் பார்த்து, வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு மீட்டருக்குச் சரளைக் கல்லின் மேல் போய் நின்றது. அந்தப் பக்கம் தடுப்புச் சுவர் இல்லை. கீழே இருந்த மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. கடினமான ஸ்பிரிங் எகிறும் விசையைப் பழைய டேம்பரால் அடக்க முடியவில்லை. உயரம் குறைந்ததால் சக்கரம் ஏறி இறங்கவும் இடமில்லை. மறுவாரமே பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். ஜிடியை வாங்கிவிட்டுப் பிறகு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடு.

எஸ் வண்டியைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கம் அன்று. அதில் ஸ்பிரிங், டேம்பர், பம்ப் ஸ்டாப் மூன்றையும் தொழிற்சாலையே ஒன்றுக்கொன்று பொருந்த மாற்றியிருக்கிறது. மான்யி-கூர் போன்ற பந்தயத் தடத்தில், தரை வழவழப்பாக இருக்கும்போது, எஸ் ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்கு உடனே மாறிக்கொள்கிறது. அதிவேகத்தில் ஆடாமல் ஓடுகிறது. மென்மையான அமைப்புள்ள என் வண்டியோ அங்கே ஒரு கணம் சாய்ந்து நிலைபெற்ற பிறகே அடுத்த பக்கம் திரும்புகிறது. மாதம் ஒருமுறை தடத்துக்குப் போகிறவராக இருந்தால் எஸ் வாங்கு என்றுதான் எழுதியிருப்பேன். நீயோ ஆண்டுக்கு ஒருமுறை போவதாகச் சொல்கிறாய். மற்ற நாள்களெல்லாம் பாரிஸ் அருகே சார்செலில் வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போவதற்குள் எத்தனை வேகத்தடைகள், எத்தனை ஒட்டுப்போட்ட சாலைகள் என்று உனக்கே தெரியும். 50 விழுக்காடு கடினமான ஸ்பிரிங் என்றால், வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் 22 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். தங்கையின் முதுகு அதைத் தாங்குமா என்பதை நினைத்துப் பார். அவர் ஏற மறுக்கும் வண்டியில் நீ மட்டும் தியெப் கடற்கரைக்குப் போய் வருவாயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சின் இரண்டாம் நிலைச் சாலைகள் பலவற்றில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் எஸ் இன்னும் விழித்துக்கொள்ளவே தொடங்காது. ஜிடி 60-இலேயே உன்னோடு பேசத் தொடங்கிவிடும்: பிரேக்கை மெல்ல விடும்போது மூக்கு நிமிர்வது, எரிபொருளைக் கூட்டும்போது பின்பக்கம் அமர்வது, வளைவின் நடுவில் வெளி டயர் பாரத்தை ஏற்றுக்கொள்வது எல்லாம் இருக்கை வழியாகவே தெரியும். நான் இந்த வண்டியை விரும்புவது அதற்காகத்தான்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதே. இரண்டு வண்டிகளையும் விற்பவர் காட்டும் புதிய சாலையில் ஓட்டாமல், நீ தினமும் போகும் வழியிலேயே ஓட்டிப் பார்க்க அனுமதி கேள். புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தைச் சரிபார், ஏனென்றால் அளவுக்கு மீறிக் காற்று அடித்திருந்தால் மென்மையான வண்டிகூட முரடாகத் தோன்றும். தங்கையைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, மகள் அனுப்பிய செய்தி ஒன்றைச் செல்பேசியில் படிக்கச் சொல். எந்த வண்டியில் எழுத்துகள் குதிக்காமல் படிக்க முடிகிறது என்று அவரிடமே கேள்.

ஜூன் மாதத்தில் இருவரும் இங்கே வாருங்கள். கோல் த போர்த், கோல் த கூஷரோன், கோல் தியு கிரானியே மூன்று கணவாய்களையும் கடந்து ஷாம்பெரி வரை என் வண்டியிலேயே போய் வரலாம். சப்பேக்கு மேலே அந்த வளைவில் நிறுத்தி, மரங்களை உனக்குக் காட்டுகிறேன். எந்த வாரம் வசதிப்படும் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்